உள்ளூர் உடை: கூலி, சுருக்கம், சாயம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய தையல்கூடம் நடத்துகிறவர்களும், அவர்களிடம் வாங்க விரும்புகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் வரும் ரூபாய்க் கணக்குகள் வழிமுறையைக் காட்டுவதற்காக. உங்கள் ஊர்க் கூலியையும் வாடகையையும் அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

*மாடியில் நான்கு பவர் மெஷின் போட்டு குர்த்தி தைக்கிறோம். சேலத்தில் ஒரு கடைக்காரர் 300 குர்த்தி கேட்கிறார். துணி, நூல், பட்டன் எல்லாம் அவரே தருவார். வெட்டி, தைத்து, பிசிறு எடுத்து, அயர்ன் போட்டுக் கொடுக்க பீஸுக்கு 80 ரூபாய் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?*
– வாசகி, ராசிபுரம்

ரேட்டைச் சொல்வதற்கு முன் உங்கள் கூடத்தில் ஒரு நிமிடத்துக்கு என்ன செலவாகிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான சிறு கூடங்கள் பக்கத்துத் தெருவில் என்ன ரேட் என்று விசாரித்துத்தான் விலை சொல்கின்றன. நஷ்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மாதச் செலவை எழுதுங்கள். நான்கு டெய்லருக்கு தலா 15,000 வீதம் 60,000, டெய்லருக்குக் கைமடியாக, அதாவது உதவியாளராக இருப்பவருக்கு 10,000, கட்டிங் பார்த்து மேற்பார்வையும் செய்பவருக்கு 20,000, வாடகை 10,000, கரண்ட் 4,000, ஊசி, எண்ணெய், ரிப்பேர் 4,000, மெஷின் கடன் தவணை 12,000. மொத்தம் 1,20,000 ரூபாய். கட்டிங் பார்ப்பது நீங்களே என்றாலும் அந்த 20,000-ஐ விடாதீர்கள். வாடகை இல்லாத சொந்த மாடி என்றாலும் வாடகையைப் போடுங்கள். நாளை இடம் மாறினால் பழைய ரேட்டில் தைக்க முடியாது.

இனி நேரம். 26 நாள், நாளுக்கு 480 நிமிடம், நான்கு டெய்லர்: 49,920 நிமிடம். இவ்வளவும் தையலாக மாறாது. நூல் மாற்றுவது, பாபின் சுற்றுவது, பிரித்துத் தைப்பது, அடுத்த பீஸுக்குக் காத்திருப்பது என்று ஓடிவிடும். எவ்வளவு ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு குர்த்தியை ஆரம்பம் முதல் முடிவு வரை நேரம் பார்த்துத் தையுங்கள். வேகமான டெய்லரை வைத்துப் பார்க்க வேண்டாம். நடுத்தர வேகக்காரரை வைத்து ஐந்து பீஸ் தைத்து, முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல், மற்ற மூன்றின் சராசரியை எடுங்கள். கழுத்துக்குப் பைப்பிங், முக்கால் கை, சைடு ஸ்லிட் உள்ள குர்த்திக்கு 25 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 38 குர்த்தி இறங்கினால் 950 நிமிட வேலை. நால்வருக்கும் கூலி கொடுத்ததோ 1,920 நிமிடத்துக்கு. ஆக, பாதித் திறனில் ஓடுகிறது கூடம்.

அப்படியென்றால் உண்மையில் தைக்கும் நிமிடம் மாதத்துக்கு 24,960. ஒரு நிமிடத்துக்கு 4.81 ரூபாய், குர்த்திக்கு 120 ரூபாய். 80-க்குத் தைத்தால் 300 பீஸில் 12,000 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும். திறனை 65 சதவீதத்துக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 3.70, குர்த்திக்கு 92. அப்போதும் 80 கட்டாது.

ஆள் சும்மா இருப்பதற்கு 80 வந்தாலும் லாபம்தானே என்று கேட்பார்கள். ஆர்டரே இல்லாத மாதத்தில், கூலி எப்படியும் போகிறது என்ற நிலையில், ஒரு முறை செய்யலாம். ஆனால் ஒரு முறை 80 என்று கொடுத்துவிட்டால் அந்தக் கடைக்கு உங்கள் ரேட் அதுதான். தீபாவளி ஆர்டரையும் அதே விலைக்குத்தான் கேட்பார்கள்.

அவரிடம் இரண்டு வழி சொல்லுங்கள். கேட்ட டிசைன் அப்படியே வேண்டும் என்றால் 125 ரூபாய். விலை குறைய வேண்டும் என்றால் டிசைனில் குறையுங்கள்: பைப்பிங்குக்குப் பதிலாக உள்பட்டி வைத்தால் நான்கு நிமிடம் மிச்சம், 21 நிமிடத்துக்கு அடக்கமே 101 ரூபாய் ஆகிறது, அதன் மேல் பேசலாம். பேரம் பேச வருகிறவரிடம் நிமிடத்தைக் காட்டிப் பேசினால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

திறனை ஏற்ற, ஒருவரே முழு பீஸ் தைப்பதை நிறுத்துங்கள். கழுத்தை ஒருவர், கையை ஒருவர், சைடை ஒருவர், மடிப்பை ஒருவர் என்று பிரித்து, பத்துப் பத்து பீஸாகக் கட்டிக் கொடுங்கள். தேங்குவது எப்போதும் கழுத்தில்தான். கைதேர்ந்த ஆளை அங்கே உட்கார வையுங்கள். மறுநாள் தைக்க வேண்டியதை முந்தைய மாலையே வெட்டி, எண் ஒட்டி வைத்துவிட வேண்டும். லேபிள், பட்டன் உட்பட எல்லாம் கைக்கு வந்த பிறகே முதல் பீஸைத் தொடுங்கள். பாதியில் நின்றுபோன ஆர்டர் கூடத்தில் இடத்தையும் அடைக்கும், ஆளையும் முடக்கும். இன்னொன்று: துணியில் ஓட்டை, கறை இருந்தால் யார் பொறுப்பு, வெட்டில் கெட்டுப்போவதற்கு எத்தனை சதவீதம் கூடுதல் துணி தருவார் என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

*கைத்தறிப் பருத்தித் துணி எடுத்து குர்த்தி தைத்து விற்றேன். ஒரே சலவையில் இரண்டு அங்குலம் ஏறிவிட்டது என்று நான்கு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். துணி தரமில்லையா, தையலில் தப்பா?*
– வாசகி, திண்டுக்கல்

இரண்டுமில்லை. தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இழுவிசையோடு நிற்கிறது. அதன் மேல் கஞ்சியும் இருக்கிறது. முதல் தடவை தண்ணீரில் போட்டதும் கஞ்சி கரைந்து, இழுவிசை விட்டு, நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. நல்ல கைத்தறித் துணியும் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். அதை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளாததுதான் தவறு.

ஒவ்வொரு தானிலிருந்தும் (துணிச் சுருளிலிருந்தும்) 60 சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். கரையிலிருந்து தள்ளி, நடுவில் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் குறியுங்கள். பேனா மை சலவையில் போய்விடும். நான்கு மூலையிலும் வேறு நிற நூலால் ஒரு தையல் போடுவது நல்லது. பாவுப் பக்கம் எது என்று அம்புக்குறியும் தைத்துவிடுங்கள். வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே சோப்புப் போட்டுத் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காய வைத்து, இழுக்காமல் லேசாக அயர்ன் போட்டு அளவெடுங்கள். பாவுப் பக்கம் 50 சென்டிமீட்டர் 47 ஆகியிருந்தால் சுருக்கம் 6 சதவீதம். ஊடைப் பக்கம், அதாவது குறுக்கு நூல் பக்கம், பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் அளந்தே ஆக வேண்டும், இடுப்புச் சுற்றளவு அதில்தான் இருக்கிறது.

3 சதவீதத்துக்குள் என்றால் பேட்டர்னிலேயே சேர்த்துவிடலாம். சேர்க்கும்போது வகுத்துச் சேருங்கள். 44 அங்குல குர்த்திக்கு 3 சதவீதம் என்றால் 44-ஐ 0.97-ஆல் வகுத்தால் 45.4 அங்குலம். 3-க்கு மேல் போனால் பேட்டர்னை நம்ப வேண்டாம், துணியை முன்கூட்டியே நனைத்துவிடுங்கள். ஏன் என்றால், ஒரே நெசவாளர் கொடுத்தாலும் பாவுக்குப் பாவு சுருக்கம் மாறும். ஒரு தானில் 5, அடுத்ததில் 7 என்று வந்தால் ஒரே பேட்டர்ன் இரண்டுக்கும் ஒத்துவராது.

நனைப்பது எளிது, அவசரப்படாமல் செய்ய வேண்டும். பெரிய தொட்டியில் வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். அடர் நிறங்களைத் தனித்தனியாக ஊற வையுங்கள். முறுக்கிப் பிழிந்தால் அந்த மடிப்புக்கோடு போகவே போகாது. கொடியில் போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். சற்று ஈரமாக இருக்கும்போதே அயர்ன் போட்டால் ஊடை நேராக நிற்கும். 100 மீட்டர் துணி 6 சதவீதச் சுருக்கத்தில் 94 மீட்டர் ஆகிவிடும். மீட்டர் 150 ரூபாய்க்கு வாங்கியது இப்போது ஏறக்குறைய 160. இந்தப் பத்து ரூபாயை விலையில் சேர்க்காமல் விட்டு, வருஷக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் பலர்.

லைனிங்கையும் மறக்காதீர்கள். மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை நனைக்காமல் தைத்தால், சலவைக்குப் பிறகு லைனிங் உள்ளே இழுத்து, கீழ்மடிப்பு சுருண்டு நிற்கும். பைப்பிங் துணிக்கும் இதே கதைதான்.

*ஆண்கள் சட்டையில் காலர் மேல் குமிழ் குமிழாக எழும்புகிறது. விலை உயர்ந்த ஃபியூசிங் கேன்வாஸ்தான் போடுகிறோம்.*
– வாசகர், புதியம்புத்தூர்

கேன்வாஸின் விலையில் கோளாறு இல்லை, ஒட்டும் முறையைப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தில் பொடிப்பொடியாகப் பசைப் புள்ளிகள் இருக்கும். அவை உருகித் துணிக்குள் இறங்க வெப்பம், நேரம், அழுத்தம் மூன்றும் வேண்டும். பெரும்பாலான காலர் கேன்வாஸுக்கு 150 முதல் 160 டிகிரி வெப்பத்தில் 12 முதல் 15 விநாடி. கேன்வாஸ் தயாரிப்பாளர் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அயர்ன் பெட்டியை இங்கும் அங்கும் தேய்த்து ஒட்டினால் ஓரிடத்தில் ஐந்து விநாடிகூட நிற்காது. அழுத்தமும் கை பலத்தைப் பொறுத்தது. பார்க்க ஒட்டியது போலத்தான் இருக்கும். இரண்டாவது சலவையில் பிரியும்.

அயர்ன் பெட்டி மட்டுமே இருந்தால், நீராவியை நிறுத்திவிட்டு, தேய்க்காமல் ஓரிடத்தில் வைத்து முழு எடையோடு 15 விநாடி அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும் வரை காலரைத் தட்டையாகவே விட வேண்டும். சூட்டோடு எடுத்து மடித்தால் பசை இறுகும் முன்பே நகர்ந்துவிடும். நாளுக்கு ஐம்பது சட்டைக்கு மேல் என்றால் ஃபியூசிங் மெஷின் உள்ள ஜாப் ஒர்க் கூடத்தில் காலர், கஃப் துண்டுகளை மொத்தமாகக் கொடுத்து ஒட்டி வாங்குவது மலிவு.

இதெல்லாம் சரியாக இருந்தும் குமிழ் வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. துணியும் கேன்வாஸும் வேறு வேறு அளவில் சுருங்குகின்றன. அல்லது துணியில் உள்ள கஞ்சியோ சிலிக்கான் மென்மைப் பூச்சோ பசையைப் பிடிக்க விடவில்லை. புதிய துணி வந்ததும் ஒரு துண்டில் ஒட்டி, ஆறவிட்டு, ஒரு முனையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். நூல் பிய்ந்து வருகிற அளவுக்குப் பிடித்திருக்க வேண்டும். சுத்தமாக உரிந்து வந்தால் அந்தத் துணிக்கு அந்தக் கேன்வாஸ் ஆகாது. நன்றாகப் பிடித்திருந்தால் மூன்று முறை துவைத்துப் பார்த்த பிறகு வெட்டலாம்.

*எங்கள் ஊர்க் கல்லூரிக்கு 100 டி-ஷர்ட் ஆர்டர் கிடைத்திருக்கிறது. இதுவரை பனியன் துணி தைத்ததில்லை. திருப்பூரில் எவ்வளவு துணி வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும்?*
– வாசகர், தர்மபுரி

பனியன் துணி மீட்டர் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில் விற்கும். அதனால் ஜி.எஸ்.எம். தெரிய வேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 10-க்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைத் தராசில் நிறுத்து 100-ஆல் பெருக்கினால் போதும். 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். கடைக்காரர் சொல்வதும் தராசு சொல்வதும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 180 சொல்லி 165 கொடுத்தால் கிலோவுக்கு பீஸ் அதிகம் கிடைக்கும்தான். கல்லூரி கேட்ட கனம் இருக்காது.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கு இது: பாடி நீளத்தோடு கை நீளத்தையும் மடிப்பு, தையலுக்கான இடத்தையும் கூட்டுங்கள். பாதி மார்புச் சுற்றளவோடு தையல் இடத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் பெருக்கி, முன்–பின் என்பதால் 2-ஆல் பெருக்கி, ஜி.எஸ்.எம்.-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் கிராம் வரும். பாடி 70, கை 20, மடிப்பு 10 என்று 100 சென்டிமீட்டர். பாதி மார்பு 52, தையல் 4 என்று 56. 100 × 56 × 2 × 180 ÷ 10,000 என்பது 201.6 கிராம். கட்டிங் கழிவு 10 சதவீதம் சேர்த்தால் 222 கிராம். 100 பீஸுக்கு 22.2 கிலோ. சேதத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 24 கிலோ வாங்குங்கள். கழுத்துக்கு லைக்ரா ரிப் ஒரு கிலோவும் கூடவே, அதே சாய லாட்டில் வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கறுப்புக்குக்கூடக் கறுப்பு பொருந்தாது.

காம்பாக்டிங் செய்த துணியா, அதாவது மெஷினில் முன்கூட்டியே அழுத்திச் சுருக்கிய துணியா என்று கேளுங்கள். செய்யாத துணி நீளத்தில் வெகுவாக ஏறிவிடும். அடுத்து முறுக்கு. டி-ஷர்ட்டைத் துவைத்ததும் சைடுத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடுகிறதே, அந்தக் கோளாறு தையலில் இல்லை. நூலின் முறுக்கும் பின்னலும் சேர்ந்து துணியையே திருப்புகின்றன. சுருக்கத்துக்குக் குறித்த அதே 50 சென்டிமீட்டர் சதுரத்தைத் துவைத்த பின் பாருங்கள். பக்கக்கோடு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் சாய்ந்திருந்தால் அந்த ரோலை எடுக்க வேண்டாம்.

துணி வந்ததும் ரோலைப் பிரித்து மேஜை மேல் தளர்வாக மடித்து ஒரு நாள் முழுக்கக் கிடக்க விடுங்கள். ரோலில் இழுத்துச் சுற்றிய துணியை உடனே வெட்டினால், வெட்டிய துண்டுகள் மேஜையிலேயே சுருங்கும். கை ஒரு அளவு, ஆர்ம்ஹோல் ஒரு அளவு என்று நிற்கும். தைக்க பால் பாயிண்ட் ஊசி, 11-ஆம் நம்பர். சாதாரணக் கூர் ஊசி பின்னலின் நூலையே குத்தி அறுக்கும். தைத்த அன்று எதுவும் தெரியாது. சலவைக்குப் போய் வந்ததும் தையலோரம் வரிசையாகப் பொட்டு ஓட்டைகள் தெரியும். முதல் பீஸின் தையலை இரு கையாலும் நன்றாக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும். சைடு, தோள், கை எல்லாம் நான்கு நூல் ஓவர்லாக். கீழ்மடிப்பும் கைமடிப்பும் ஃபிளாட்லாக். ஃபிளாட்லாக் மெஷின் இந்த ஒரு ஆர்டருக்காக வாங்கத் தேவையில்லை, வெளியில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி மலிவாகக் கிடைக்கும். ஒரே தடவை செய்யும் ஆர்டருக்கு நல்ல இடம். ஆனால் அதே நிறம், அதே துணி அடுத்த முறை கிடைக்காது. கல்லூரி அடுத்த வருடமும் இதையே கேட்கும் என்றால் மிச்சத் துணியைத் தொடாதீர்கள்.

*மூன்று லட்சம் ரூபாயில் முதலில் என்னென்ன மெஷின் வாங்க வேண்டும்?*
– வாசகி, மன்னார்குடி

நெசவுத் துணி உடைகள் என்றால், ஒற்றை ஊசி பவர் மெஷின் மூன்று, ஐந்து நூல் ஓவர்லாக் ஒன்று, உறிஞ்சும் மேஜையோடு ஸ்டீம் அயர்ன் ஒன்று. மோட்டார் சர்வோவாக இருக்கட்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் பில்லில் அது தெரியும். காஜா (பட்டன் ஓட்டை) மெஷினுக்குப் பணத்தை முடக்க வேண்டாம். காஜா எடுத்துத் தரும் கடை எல்லா ஊரிலும் உண்டு. கட்டிங் மேஜை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் 12 அடி நீளம், 5 அடி அகலம் செய்துகொள்ளுங்கள். 58 அங்குலத் துணி முழு அகலத்தில் விரிய வேண்டும். ஒடுங்கிய மேஜையில் மடித்து விரித்தால் அளவு மாறும்.

வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள், பிடித்தால் அபராதம். குடிசை, குறுந்தொழில்களுக்கான கட்டணப் பிரிவு III-A(1)-ல் இணைப்புக் கேளுங்கள். வணிகப் பிரிவில் போட்டுவிட்டால் யூனிட்டுக்கு அதிகம் கட்ட நேரிடும். கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம். கைப்பணம் 5 சதவீதம். ஏற்கெனவே வாங்கிய மெஷினுக்கு இந்த மானியம் கிடைக்காது, அதனால் விண்ணப்பம் முதலில், மெஷின் பிறகு.

*நாங்கள் விற்ற சிவப்புச் சட்டை வெள்ளை வேட்டியில் சாயம் இறக்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்து விற்கலாமா? நாமே சிறிய அளவில் சாயம் போட்டால் என்ன?*
– வாசகர், குமாரபாளையம்

உப்பு உதவாது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பின் வேலை, சாயக் குளியலில் இருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளுவது. அதன் பிறகு காரம் சேர்த்தால்தான் சாயம் நூலோடு பிணையும். பிணையாமல் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கொதிநிலைக்கு அருகில் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்ற வேண்டும். பட்டறையில் நேரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க அந்த அலசலைக் குறைத்தால், உங்கள் வாடிக்கையாளர் வீட்டு வாளியில் அது நடக்கும். வாங்கும்போதே வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்புத் துணி மேல் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் இலேசான நிழல் தெரிந்தால் பரவாயில்லை; தெளிவாகச் சிவந்தால் திருப்பி அனுப்புங்கள், சோப்பு அலசல் மறுபடி செய்து தரச் சொல்லுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றுக்கும் இந்தச் சோதனை இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டுச் சாயம் வேண்டாம். சாயப்பட்டறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகை, அதாவது அதிக மாசு தரும் தொழில். வாரியத்தின் இசைவு இல்லாமல் நடத்தக் கூடாது. அந்த உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் போகிறது, சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியாது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று கொங்கு நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் குளமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அப்படிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் கொடுத்துச் சாயம் போடுங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். கூடட்டும். உள்ளூர் உடை என்று சொல்லி உள்ளூர்க் கிணற்றைக் கெடுப்பதில் அர்த்தமில்லை.

*நான் தைப்பவள் அல்ல, வாங்குபவள். உள்ளூரில் தைப்பவர்களை ஆதரிக்க வேண்டும் என்று ஆசை. விலை அதிகம் கொடுப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்?*
– வாசகி, மயிலாடுதுறை

விலையைவிட நீங்கள் ஆர்டர் கொடுக்கும் நேரமும் விதமும்தான் அவர்களுக்கு உதவும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போய் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் சிறு கூடங்களில் தையலுக்கு ஆளே கிடைக்காது. கல்யாண வேலை இல்லாத ஆடியில் கொடுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தால் அவர்கள் துணியை ரொக்கத்துக்கு வாங்குவார்கள். கடனுக்கு வாங்கும் விலை வேறு. குடும்ப விழா, அலுவலகம், குடியிருப்போர் சங்கம் என்று எதற்காவது உடை வேண்டுமானால் முப்பது பேருக்கு முப்பது டிசைன் கேட்காமல் ஒரே டிசைனை அளவு மட்டும் மாற்றிக் கேளுங்கள். முதல் பதிலில் பார்த்த நிமிடக் கணக்கு அங்கேதான் இறங்குகிறது. அந்த மிச்சத்தில் பங்கு கேட்பதும் நியாயம்.

கைத்தறிச் சட்டைக்கு ஏன் அதிகத் துணி கேட்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். 36 அங்குல அகலத்தில் 40 சைஸ் முழுக்கைச் சட்டைக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் ஆகும். 58 அங்குலத்தில் 1.6 மீட்டரில் முடிந்துவிடும். கைத்தறி என்று சொல்லி விற்பதில் சந்தேகம் இருந்தால் 2006 முதல் இருக்கும் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். முத்திரை இல்லாத நல்ல நெசவாளரும் உண்டு. ஆனால் விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி விலைக்கு விற்கிறவருக்கு உங்கள் ஆதரவு போய்ச் சேரக் கூடாது.

குறை இருந்தால் சொல்லுங்கள், பேசாமல் வேறு கடைக்குப் போகாதீர்கள். “சரியில்லை” என்று சொன்னால் அவர்களால் எதையும் திருத்த முடியாது. “மூன்று சலவைக்குப் பிறகு இடது அக்குளில் தையல் விட்டது” என்று சொன்னால் அடுத்த ஐம்பது பீஸும் சரியாகும்.

*ஒரு கடைக்கு 180 நைட்டி கொடுத்தேன். ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. என்ன செய்வது?*
– வாசகி, விருதுநகர்

எப்படிக் கொடுத்தீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. பில் போட்டு விற்றிருந்தால், உத்யம் பதிவும் (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் உங்கள் பக்கம். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். அதற்கு முன் கடைக்காரருக்கு இன்னொன்றையும் எடுத்துச் சொல்லுங்கள்: 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பல கடைகளில் ஆடிட்டர் சொல்லித்தான் பணம் வருகிறது.

“விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு” என்று கொடுத்திருந்தால் வழி குறுகலானது. அதில் கடை சரக்கை வாங்கியதாகவே ஆகாது. 45 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று காட்ட முடியாது. உடனே போய் இருப்பை எண்ணுங்கள். விற்ற எண்ணிக்கைக்கு அன்றைய தேதியில் பில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், விற்காததை எடுத்து வந்துவிடுங்கள். இனி அப்படிக் கொடுக்க நேர்ந்தால் 20 பீஸுக்கு மேல் வேண்டாம். 15 நாளுக்கு ஒரு முறை எண்ணிக்கை, எண்ணிய அன்றே பணம். உத்யம் பதிவு இல்லையென்றால் அடுத்த சரக்கு போவதற்குள் செய்துவிடுங்கள். அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருவதாக விளம்பரம் செய்யும் தளங்கள் அரசுத் தளம் அல்ல.

*லேபிளில் என்ன போட வேண்டும்? ஜி.எஸ்.டி. எப்போது?*
– வாசகர், பரமக்குடி

பிரித்து வைத்து, தொட்டுப் பார்த்து வாங்கும் விதத்தில் விற்கும் உடைக்கு: தயாரிப்பாளர் அல்லது பிராண்டு உரிமையாளர் பெயர், முகவரி, புகாருக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலும், எஸ், எம், எல் போன்ற அளவோடு சென்டிமீட்டரிலும் அளவு, எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை. ஜி.எஸ்.டி. பதிவு, பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாக அதற்கு முன்பே. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2,600 ரூபாய் என்று விலை வைக்க நினைத்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். வரி சேர்த்தால் வாங்குபவர் கொடுப்பது 3,068. அதுவே 2,500 என்றால் 2,625-தான்.

*ஐந்து அளவிலும் சமமாகத் தைத்தால் எப்போதும் எஸ்-ஸும் டபுள் எக்ஸ்.எல்.-லும் தங்கிவிடுகின்றன.*
– வாசகி, நாகர்கோவில்

சமமாகத் தைக்காதீர்கள். முதல் லாட்டுக்கு எஸ் 1, எம் 2, எல் 3, எக்ஸ்.எல். 3, டபுள் எக்ஸ்.எல். 1 என்ற விகிதத்தில் பத்துப் பத்தாக வெட்டி, எந்த அளவு எந்தத் தேதியில் தீர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். இரண்டு லாட்டில் உங்கள் வாடிக்கையாளர்களின் விகிதம் தெரிந்துவிடும். டபுள் எக்ஸ்.எல். தங்குவதற்கு வேறு காரணமும் இருக்கலாம்: எல் பேட்டர்னின் மார்பையும் இடுப்பையும் மட்டும் அகலமாக்கிவிட்டு, ஆர்ம்ஹோலையும் மேல்கைச் சுற்றையும் அப்படியே விட்டிருப்பீர்கள். போட்டுப் பார்ப்பவருக்குக் கை ஏறாது, கழற்றி வைத்துவிடுவார். தங்கிய பீஸில் ஒன்றை எடுத்து மேல்கைச் சுற்றை டேப்பில் அளந்து பாருங்கள். எல் அளவைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இல்லையென்றால் பேட்டர்னைத் திருத்துங்கள். ஏற்கெனவே தைத்தவற்றில் அக்குளில் சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் பெரும்பாலானவை விற்றுவிடும். வெட்டில் மிஞ்சிய அதே துணி அதற்குப் போதும்; அதனால் ஒவ்வொரு லாட்டின் மிச்சத்தையும் எண் எழுதிக் கட்டி, அந்த லாட் விற்றுத் தீரும் வரை எறியாமல் வைத்திருங்கள்.